அடுப்புக்கு மேலே ஒரு பரண்

என் எழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள், அதிலும் பாதி நாள் ஆட்டுக்குப் பின்னால் போனேன். ஞாபகமும் இப்போது ஓட்டைச் சட்டிதான். ஆனால் எங்கள் தோட்டத்து மாதர் சங்க மலருக்கு ஆளுக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று பாலர் பாடசாலை டீச்சர் கேட்டுவிட்டார். கூட்டத்தில் எழுந்து பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதுவதென்றால் முகத்தைக் காட்ட வேண்டியதில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சிவகங்கைப் பக்கத்துக்காரி. என் வீட்டுக்காரர் பிறந்தது இங்கே, இலங்கையில் றக்வானைக்கு மேலே இருக்கிற இந்தத் தோட்டத்தில். இளவயதில் கலவரத்துக்குப் பயந்து படகேறி, எங்கள் ஊருக்குப் பக்கத்து முகாமுக்கு வந்தவர். அங்கேதான் எங்கள் கல்யாணம், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம். வயதான பிறகு அவருக்குப் பிறந்த மண்ணின் நினைப்பு வந்துவிட்டது. அவருடைய அக்கா இருந்த லயத்துக் காம்பரா, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்று, அக்கா செத்த பிறகு பூட்டிக் கிடந்தது. அக்கா பிள்ளைகள் கொழும்பில் வேலை. "சும்மாதான மாமா கெடக்கு, வந்து இருங்க" என்றார்கள்.

நான் கடல் தாண்டியவள் இல்லை. "ஒரு மழைக்காலம் இருந்து பாக்குறேன். ஒத்துவரலைன்னா திருப்பி ஊருக்குப் போயிறணும்" என்றேன்.

"சரி" என்றார்.

அந்தச் சொல்லை நம்பித்தான் வந்தேன். வந்தும் என் பெட்டியைப் பிரிக்கவில்லை. கட்டிக்கொள்ள ரெண்டு சீலையை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பூட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு அறை, பின்னால் அடுப்பங்கரை, முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் தாழ்வாரம். மேலே தகரம். அடுப்பங்கரை பூராவும் கரி. அடுப்புக்கு நேர் மேலே கம்புகளை வரிந்து ஒரு பரண், அது நிறைய விறகும் மிலாறும். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியைத்தான் இங்கே மிலாறு என்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்கவே சகிக்கவில்லை. நெருப்புக்கு மேலே யாராவது விறகை அடுக்குவார்களா? பரணைப் பிரித்துப் போட்டேன். விறகைக் கொண்டுபோய் வெளிச்சுவர் ஓரமாக அழகாக அடுக்கினேன். கரியைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தேன்.

பக்கத்துக் காம்பராக்காரி ரப்பர் மலையில் பால்வெட்டுக்குப் போகிறவள். அவள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"இந்தியா அக்கா குசினிய ஆஸ்பத்திரி மாதிரி ஆக்கிட்டாங்களே! செருப்பக் கழட்டிட்டுத்தான் வரணுமா?"

பாராட்டு என்று நினைத்து நான் வெட்கப்பட்டுக்கொண்டு தேத்தண்ணி கொடுத்தேன்.

வைகாசியில் மழை பிடித்தது. எங்கள் ஊரில் வைகாசி என்றால் மண் வெடித்துக் கிடக்கும். இங்கே மழை வந்து உட்கார்ந்துகொண்டது, எழுந்து போகத் தெரியவில்லை. வெளியே அடுக்கின விறகு ஊறிப்போய், ஊதினால் நெருப்பு வராமல் புகை மட்டும் வந்தது. கஞ்சி வேகவே பொழுது போனது. அவருக்கு இழுப்பு கண்டுவிட்டது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு இஸ்தோப்பிலேயே கிடந்தார். சாரல் ஒரு பக்கம், புகை ஒரு பக்கம்.

அவர் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கஞ்சியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன்.

"ஏங்க, போயிருவமா?"

"நீ அன்னைக்கே சொன்னதுதான. போவோம்" என்றார். சொல்லிவிட்டு எதிர் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டவுனுக்குப் போய்ப் பயணத்துக்கு விசாரிக்க வேண்டும் என்று, நல்ல சீலை எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். ஐயோ! எல்லாச் சீலையிலும் பூஞ்சணம். மகள் கல்யாணத்துக்குக் கட்டின பட்டில் திருநீறு தூவின மாதிரி வெள்ளை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மழை நாளில் பால்வெட்டு இல்லாததால் பக்கத்துக்காரி வீட்டில்தான் இருந்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்தாள்.

"யாருக்கு என்னக்கா?"

நான் சீலையைக் காட்டினேன். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இந்த மலையில துணியப் பூட்டி வப்பாங்களா? பூத்துத்தான் போகும். நாங்கல்லாம் கொடியிலதான் போட்டு வச்சிருக்கோம். அடுப்புச் சூடு படணும்க்கா. நீங்க என்னன்னா வெறகையும் வெளிய போட்டீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நல்லா வெள்ளையடிச்சு வச்சிருந்தீங்க, எப்புடிச் சொல்றது? அதோட பொட்டியவே பிரிக்கல. போற ஆளுன்னு நெனச்சோம்."

அது எனக்குச் சுருக்கென்றது.

அன்றைக்கே அவளும் அவள் புருஷனும் கம்பு கொண்டுவந்து பழைய இடத்திலேயே பரண் கட்டினார்கள். ஈர விறகை மேலே ஏற்றிவிட்டு, காயும்வரை எரிக்க அவள் வீட்டுப் பரணிலிருந்தே காய்ந்த மிலாறு தந்தாள். அது படபடவென்று பிடித்துக்கொண்டது. சுவருக்குச் சுவர் கொடி கட்டி, என் சீலை அத்தனையையும் அலசிப் போட்டோம். நாலைந்து நாளில் காய்ந்தன. பட்டில் மட்டும் கறை போகவில்லை. புகை குறைந்ததும் அவருக்கும் இழுப்பு மெல்ல மெல்லத் தணிந்தது. பயணப் பேச்சை நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

கறைப் பட்டை வெட்டிக் கதவுக்குத் திரை தைத்தேன். கீழே கிராமத்துச் சிங்களப் பெண் கொச்சிக்காய்க் கன்று கொடுத்தாள், நம் ஊர் மிளகாய்தான். அவள் பாஷை புரியாவிட்டாலும், எது சொன்னாலும் நான் "ஹரி ஹரி", சரி சரி என்று தலையாட்டுவேன். அவளும் சிரித்துக்கொண்டே போவாள். சுண்ணாம்பு மறுபடியும் கறுத்துவிட்டது. கறுக்கட்டும். என் சீலையெல்லாம் இப்போது புகை வாசம். அதுவும் பழகிவிட்டது.

மழை விட்டு வெறித்த பிறகு ஒருநாள் அவர் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"பொட்டி எங்க?"

"எதுக்கு?"

"மழைக்காலம் முடிஞ்சிருச்சே. நீதான சொன்ன."

"இஸ்தோப்புல இருக்கு. அதுக்குள்ள கோழி அடை படுத்திருக்கு, எறக்க முடியாது."

அவர் வெளியே போய்ப் பெட்டிக்குள் பார்த்தார். கோழி கொத்த வந்தது. கையை உதறிக்கொண்டு சிரித்தார், இழுப்பில்லாமல்.

இவ்வளவுதான். டீச்சர், அச்சுக்குக் கொடுக்கும் முன் பக்கத்துக் காம்பராவில் ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். பரண் கம்பு என்ன மரம், மழை வெறித்தது தீபாவளிக்கு முந்தியா பிந்தியா என்று அவளுக்குத்தான் தெரியும். நான் தப்பாகச் சொல்லியிருந்தால் திருத்திப் போடுங்கள்.