ஒன்பது நாள் அம்மை

என் அப்பாவை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பெயர் சொல்லப் போவதில்லை. பண்டிகை நாளில் காலைப் பலகாரத்தோடு தொலைக்காட்சியைப் போட்டால், பட்டிமன்ற மேடையில் அவர் பேசிக்கொண்டிருப்பார். பிள்ளைகளை உயர்த்துவது அன்பா, கண்டிப்பா என்று தலைப்பு வைத்தால் அவருக்கு எப்போதும் அன்பு அணிதான். கண்டிப்பு அணிக்காரர்களே கண்ணைத் துடைத்துக்கொள்ளும்படி பேசுவார். கேளம்பாக்கத்தில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில், அந்த வீடியோவை எனக்கே அனுப்பி, "கொடுத்து வச்சவ நீ" என்று எழுதியவர்கள் உண்டு. பதிலுக்கு ஒரு கும்பிடு படத்தை அனுப்பிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

எனக்கு ஏழு வயதானபோது என்னையும் மேடையேற்றிப் பார்க்க அவருக்கு ஆசை வந்தது. மாமல்லபுரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை விழா. அவருக்கு முன்னால் நான் இரண்டு நிமிடம், தந்தையின் அன்பைப் பற்றி. எழுதிக் கொடுத்துவிட்டார். மனப்பாடமும் செய்துவிட்டேன். சிக்கல் என் நாக்கில் இருந்தது. அம்மா கடற்கரைக் குப்பத்துப் பெண். அவளிடம் பேசக் கற்ற எனக்கு 'ழ' வரவில்லை. பழம் என்று சொல்லச் சொன்னால் பயம் என்றேன்.

அப்பா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிக்கொடுப்பார். வீட்டில் பழகுவதற்கென்று ஒரு மைக் வைத்திருந்தார். அதன் வயரை இரண்டாக மடித்தால் அவர் கைக்கு அடக்கமாக இருக்கும். முகத்திலும் கையிலும் ஒருநாளும் அடித்ததில்லை. அது என்மேல் உள்ள பாசத்தால் என்று நினைத்திருந்தேன். அடித்து முடித்ததும் மடியில் உட்காரவைத்து யானைக் கதை சொல்வார். அவரைப் போல யானையாகப் பிளிறிக் காட்ட இன்றுவரை நான் வேறு ஆளைப் பார்க்கவில்லை. அந்தக் கதைக்காக அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

விழாவன்று மதியச் சாப்பாட்டுக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். பெரியம்மா, அம்மாவின் அக்கா. நெம்மேலி தாண்டி ஒரு குப்பத்தில் அவர்கள் வீடு. பெரியப்பா கடலுக்குப் போவார். பெரியம்மா மீன் கூடையை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் விற்றுவிட்டு வருவாள். அவள் பேச ஆரம்பித்தால் மைக் வைத்துக்கொண்டு பேசினாலும் அப்பா தோற்றுவிடுவார் என்று அம்மா சொல்வாள், அப்பா இல்லாதபோது. எங்கள் கார் நின்றதும் பாதிக் குப்பம் வாசலில் கூடிவிட்டது. ஆளுக்கு ஆள் அப்பாவோடு நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

பட்டுப்பாவாடை கட்டிவிட என்னைப் பெரியம்மா உள்ளே கூட்டிப்போனாள்.

"இன்னாடி, முள்ளு மேல குந்துன மாரி குந்திகினு கீற?" என்று கேட்டுக்கொண்டே சட்டையைக் கழற்றினாள்.

அப்புறம் என் முதுகையும் தொடையையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெரியம்மா வாய் மூடி நான் பார்த்ததில்லையாதலால், நானாகவே காரணம் சொன்னேன்.

"எனுக்கு அந்த 'ய' வர்ல பெரீம்மா."

அவள் பழைய சட்டையையே மெதுவாக மாட்டிவிட்டாள். பின்கட்டுக்குப் போய் ஒரு கொத்து வேப்பிலை ஒடித்துவந்து வாசல் நிலையில் செருகினாள்.

"எல்லாம் தள்ளி நில்லுங்க. கொயந்தைக்கு அம்மா வார்த்துகீது."

கூட்டம் நாலடி பின்னால் போனது. அப்பா சிரித்தார். "காலையில் நன்றாகத்தானே இருந்தாள்? விடுங்கள் அக்கா, நான் பார்க்கிறேன்." அவர் வீட்டிலும் மேடைத் தமிழ்தான் பேசுவார்.

பெரியம்மா வாசற்படியை விட்டு நகரவில்லை.

"முதுவு பூரா போட்டுகீது மாப்ள. கோடு கோடா. நம்பிக்க இல்லன்னா, நாலு பேரு எதிர்ல சொக்காய கய்ட்டிக் காட்றேன். அவுங்களும் போட்டோ புட்ச்சிக்கட்டும். காட்டட்டா?"

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்றவர்களின் கைகளிலிருந்த செல்போன்களைப் பார்த்தார். அவர் முகம் அப்படி வெளுத்து நான் கண்டதில்லை. அப்பாவுக்குக்கூட மாரியாத்தா என்றால் இவ்வளவு பயமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"வேண்டாம்" என்றார், பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்கும்படி.

"தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் அது இங்கதான் இருக்கும். நீங்க இந்தப் பக்கம் வராதீங்க மாப்ள. ஊர் ஊராப் போய்ப் பேசற ஒடம்பு, ஒட்டிக்கும்."

அப்பா கூட்டத்தைப் பார்த்துக் கை கூப்பி, தன் செல்ல மகளுக்காக எல்லோரும் வேண்டிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். இரண்டு பெண்கள் அழுதே விட்டார்கள். அம்மாவை ஏற்றிக்கொண்டு கார் புறப்பட்டது. திருப்பம் வரை அம்மா கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.

"எனுக்கு மெய்யாலுமே அம்மையா பெரீம்மா?"

"பின்ன? அடி பட்ட எடமாப் பாத்து ஆத்தா எறங்கிட்டாடி. இனிமே அங்க எவனும் கை வெக்க முடியாது."

நான் நம்பினேன். வேப்பிலைமேல் படுத்தேன். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து, பூ வைப்பதுபோல அவள் கோடுகளின்மேல் வைப்பாள். எரியும்போது ஊதிவிடுவாள். மீன் விற்கப் போவதை நிறுத்திவிட்டாள். அம்மை கண்ட வீடு என்பதால் தாளிப்பு இல்லை, மீன் இல்லை. மூன்று வேளையும் கூழ். பெரியப்பா கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார். ஐந்தாம் நாள் அவர் அடுத்த வீட்டில் வறுத்த வஞ்சிரம் தின்றுவிட்டுப் பல் துலக்கிக்கொண்டு வந்தார். பெரியம்மா மோப்பம் பிடித்துவிட்டாள்.

"ஆத்தா சும்மா வுடமாட்டா" என்றாள்.

"ஆத்தாளுக்குத் தெரியும்மே, இது இன்னா அம்மைன்னு" என்று முணுமுணுத்தார் பெரியப்பா. அவள் முறைத்ததும் மீதிக் கூழை மடமடவென்று குடித்தார்.

அண்டை வீட்டுப் பெண்கள் இளநீரும் மோரும் கொண்டுவந்தார்கள். என் முதுகைப் பார்த்துவிட்டு, "சீக்கிரம் எறங்கிடும் தாயி" என்று சொல்லிப் போனார்கள். வீட்டுக்கு வீடு அம்மை பார்த்தவர்கள் அவர்கள். அந்தக் குப்பத்தில் அதை அம்மை என்று நம்பியது நான் ஒருத்திதான் என்பது வெகுகாலம் கழித்தே எனக்கு உறைத்தது. ஒருவர்கூட வெளியே மூச்சு விடவில்லை.

அப்பா தினமும் போன் செய்வார். "இன்னும் எறங்கல மாப்ள" என்பாள் பெரியம்மா. அவர் வெளியூர் போன நாட்களில் அம்மா பேசுவாள். பெரியம்மா போனைப் பின்கட்டுக்கு எடுத்துப் போய்விடுவாள். ஒரே ஒரு தடவை காதில் விழுந்தது: "நீ வந்துடுடி. பாத்துக்கலாம்."

ஒன்பதாம் நாள் அம்மா ஒற்றைப் பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். நாங்கள் திரும்பிப் போகவே இல்லை. அப்பா ஆள் அனுப்பினார். இரண்டு தடவை தானே வந்தார். குப்பத்துப் பெண்கள் வாசலில் உட்கார்ந்து வலை சிக்கெடுக்கும் சாக்கில் அவருக்கு வழிவிட்டு எழுந்திருக்கவில்லை. அவருக்கும் நிகழ்ச்சிகள் அதிகம், விட்டுவிட்டார். அம்மா மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டல் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். அதெல்லாம் பிறகு.

அன்று எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள். பின்கட்டுத் தட்டிமறைப்பில் அண்டா நிறைய வேப்பிலை போட்ட வெந்நீர். எனக்கு இரண்டு செம்பு ஊற்றிவிட்டு, "நீயும் வாடி" என்று பெரியம்மா தங்கையைக் கூப்பிட்டாள். அம்மா மாட்டேன் என்று தலையாட்டினாள். அப்புறம் திரும்பி நின்று ரவிக்கையைக் கழற்றினாள்.

அவள் முதுகிலும் அதே கோடுகள்.

அம்மை ஒட்டும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். இங்கே வரும்வரை அம்மா பக்கத்தில்தானே நான் படுத்துக்கொண்டிருந்தேன்?

ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். "என்னாலதான் உனுக்கும் ஒட்டிக்கிச்சாம்மா? நான் வோணும்னு பண்லம்மா."

பெரியம்மாவின் கைச் செம்பு அந்தரத்தில் நின்றது. பிறகு எங்கள் இரண்டு பேர் தலையிலும் சேர்த்து ஊற்றினாள். "ஆமாண்டி, ஒட்டிக்கிச்சி. ரெண்டு பேருக்கும் இன்னியோட எறங்கிடுச்சி."

அம்மா என்னை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் உடம்பு குலுங்கிக்கொண்டே இருந்தது. வெந்நீர் சூடு தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலக்கும்படி பெரியம்மாவிடம் சொன்னேன்.