அக்கா எழுந்து செல்லாத திருவிருந்து

எங்கள் அக்கா கர்த்தருக்குள் துயில்கொண்டு ஓராண்டு நிறைகிறது. நினைவு ஆராதனைக்கு வந்திருக்கும் உறவினர்களையும் சபையாரையும் புந்தோங் அண்டை வீட்டாரையும் வணங்கி இதை எழுதுகிறேன்.

இந்த நினைவு மலருக்கு அக்காவின் வாழ்க்கையை எழுதித் தரும்படி அவருடைய மகள் விஜயா கேட்டபோது இரண்டு முறை தட்டிக் கழித்தேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியன், சபையில் பல ஆண்டுகள் பிரசங்கம் செய்தவன். எழுதுவது எனக்குப் புதிதல்ல. ஆனால் அக்காவைப் பற்றி உண்மையை எழுதினால் என்னைப் பற்றியும் எழுத வேண்டிவரும். மூன்றாம் முறை விஜயா கேட்கவில்லை. தாளையும் பேனாவையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அக்கா தைப்பிங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவர். எங்கள் அப்பா பால் மரம் வெட்டியவர், ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துச் சிற்றாலயத்தில் வேதம் வாசிப்பார். நான் பிறந்த மூன்றாம் மாதம் அம்மா காய்ச்சலில் இறந்தார். அப்போது அக்காவுக்குப் பதினொரு வயது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டார். நான் ஆறாம் வகுப்புக்குப் போன ஆண்டு அப்பாவும் நெஞ்சு நோயில் போய்விட்டார். அப்பா வெட்டிய மரங்களை மறுவாரமே அக்கா வெட்டத் தொடங்கினார்.

தைப்பிங் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மரம் நனைந்தால் அன்றைக்கு வேலை இல்லை. அதனால் அக்காவின் காலை ஜெபம் பெரும்பாலும் மழையைப் பற்றியே இருக்கும். "ஆண்டவரே, இன்னிக்கு மட்டும் வேணாம்" என்பார். பாதி நாள்கள் மழை கொட்டும். அவர் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சரி என்று சொல்லித் துணி துவைக்கப் போவார். கேட்டும் கிடைக்காத ஜெபம் எதற்கு என்று ஒரு நாள் நான் கேட்டேன். "சொல்ல வேண்டியத சொல்லிட்டேன்லா. முடிவு அவருது" என்றார். படித்தவனான எனக்கு அது விவரமில்லாத பதிலாகத் தெரிந்தது.

அவர் குறையில்லாதவர் என்று எழுத மாட்டேன். பிடிவாதக்காரர். ஒருவரிடம் கோபம் வந்தால் நாள்கணக்கில் பேச மாட்டார். கீர்த்தனைகளைச் சுருதியே இல்லாமல், ஆலயத்தில் எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடுவார். பாடகர் குழுத் தலைவி ஒருமுறை பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். அடுத்த வாரமும் அதே சத்தம்தான்.

அக்காவின் உழைப்பில் நான் ஆசிரியர் பயிற்சி முடித்து ஈப்போவுக்கு வந்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். அக்கா என் வீட்டுக்கு வந்தார். ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமையல் வேலைக்குப் போனார். அவருக்கு ஒரு வாழ்க்கை அமைத்துக் கொடுக்க வேண்டும் என்ற நினைப்பு எனக்கு வரவேயில்லை. முப்பத்தெட்டு வயதில் அதை அவரே அமைத்துக்கொண்டார்.

அத்தான் சிம்பாங் பூலாய் கல் குவாரியிலிருந்து லோரி ஓட்டியவர். மனைவியை இழந்தவர், எட்டு வயதில் ஒரு மகள், அவள்தான் விஜயா. அவர் இந்து. அக்காவுக்காக மதம் மாறுவதாக அவர் பொய் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்திட்டுத் திருமணம் செய்துகொண்டு புந்தோங்கில் அவருடைய வீட்டுக்குப் போனார்கள்.

அந்த நேரத்தில்தான் நான் சபைச் செயலாளராகியிருந்தேன். பிரசங்கியாராக என் பெயரும் பேச்சில் இருந்தது. வாத்தியாரின் அக்காவே இப்படிச் செய்யலாமா என்று இரண்டு மூன்று பேர் பேசிக்கொண்டது என் காதுக்கு வந்தது. அன்று நான் வெட்கப்பட்டது அக்காவைப் பற்றி.

கமிட்டி கூடியது. அன்றைய போதகர் வயதானவர், மென்மையானவர். அந்த அம்மா வந்து போகட்டும், காலம் இருக்கிறது என்று அவர் பேச்சை முடிக்கப் பார்த்தார். மற்றவர்களும் என் முகத்துக்காகச் சும்மா இருந்தார்கள். நான்தான் எழுந்து நின்றேன். ஒழுங்கு எல்லாருக்கும் ஒன்றுதான், என் அக்கா என்பதற்காகத் தளர்த்தக்கூடாது என்றேன். சபைக்கு வெளியே செய்த திருமணத்தைத் தவறு என்று அறிக்கையிடும்வரை அவருக்குத் திருவிருந்து கொடுக்கக்கூடாது என்று நானே முன்மொழிந்தேன். குறிப்பேட்டில் எழுதியதும் நானே. கூட்டம் முடிந்து இரண்டு பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். விசுவாசத்தில் உறுதியானவர் என்றார்கள். அந்த ஆண்டே நான் பிரசங்கியாரானேன்.

தீர்மானத்தை அக்காவிடம் சொல்லப் போதகர் தனியாகப் போனார். என்னை அழைக்கவில்லை. அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தம்பி என்ன சொன்னான் என்று மட்டும் விசாரித்தாராம். போதகர் பதில் சொல்லவில்லை. ஓய்வுபெற்றுப் போகும் நாளில்தான் இதை அவர் என்னிடம் சொன்னார்.

அக்கா இனி ஆலயத்துக்கு வரமாட்டார் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அதைத்தான் விரும்பினேன். அடுத்த ஞாயிறு அத்தானின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அதே சத்தத்தில் பாடினார். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து வந்தது. வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்து அப்பமும் திராட்சரசமும் வாங்க முன்னே போனார்கள். அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தார்; அவரைக் கடந்து போகிறவர்களுக்கு இடம் விட முழங்காலைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார். பதினோரு ஆண்டுகள் ஒவ்வொரு மாதமும் அப்படித்தான். பலிபீடத்தின் அருகே நின்று நான் அதைப் பார்த்திருக்கிறேன். பார்க்காதவன் போல் இருக்கவும் பழகிக்கொண்டேன்.

அத்தான் வெளியே மரத்தடியில் மோட்டார் சைக்கிளின் மேல் உட்கார்ந்து பேப்பர் படித்தபடி காத்திருப்பார். மழை வந்தால் எதிர்க்கடை ஓரத்தில் ஒதுங்குவார். புயல்காற்றில் ஆலயத்துக் கூரைத் தகடு பறந்த வாரம், யாரும் கேட்காமலே ஏணி கொண்டுவந்து மேலே ஏறியவர் அவர்தான். விசுவாசத்தைப் பற்றி நான் உள்ளே நின்று எத்தனையோ பிரசங்கங்கள் செய்தேன். உள்ளே வாங்க அத்தான் என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அத்தான் மாரடைப்பில் திடீரென்று இறந்தார். புந்தோங் வீட்டில் அவர்கள் வழக்கப்படி சடங்குகள் நடந்தன. அக்கா விஜயாவின் தோளைப் பிடித்தபடி அத்தானின் தலைமாட்டில் நின்றார். நான் சாலையோரத்தில் நின்றேன். பிரசங்கியார் அந்தச் சடங்குக்குள் போனால் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பயம்.

மூன்று வாரங்களில் கமிட்டி மறுபடியும் கூடியது. தடை நீங்கிவிட்டது என்றார் ஒருவர். அந்தச் சொல்லைக் கேட்டும் நான் பேசாமல் இருந்தேன். அந்தத் திருமணம் பாவம் என்று சபை முன் அறிக்கையிட்டால் அக்காவைத் திருவிருந்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அறிக்கையை நானே எழுதி எடுத்துக்கொண்டு புந்தோங்கிற்குப் போனேன். நல்ல செய்தி கொண்டுபோகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வரியில் வைத்து மெதுவாக வாசித்தார். விஜயா சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"இது நீ எழுதினதா?"

"ஆமாக்கா. நீ இத வாசிச்சா போதும். ரெண்டு நிமிசம்தான்."

"இத்தன வருசமா வாங்க முடியலன்னு நான் அழுதிருக்கேன், தம்பி. ஆனா அவரு கூட வாழ்ந்தது பாவம்னு சொல்லித்தான் அந்த அப்பம் கெடைக்கும்னா, எனக்கு வேணாம். அந்தப் புள்ள அங்க நிக்கிது பாரு. அதுக்கு நான் என்ன சொல்வேன்?"

தாளை மடித்து என் சட்டைப் பையில் அவரே வைத்தார். "தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார். தேநீர் வந்தது. குடித்தேன். கமிட்டியில் போய், அக்கா பிடிவாதமாக இருக்கிறார், கொஞ்ச காலம் விடுவோம் என்றேன். அவர் சொன்ன வார்த்தைகளை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர்களில் ஒருவராவது தலைகுனிந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த ஞாயிறும் அக்கா வந்தார், பேருந்தில்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவருக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை செய்தும் பலனில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விஜயா தொழிற்சாலையில் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு உடனிருந்தாள். அக்காவைக் குளிப்பாட்டுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் அவள்தான். அவள் இன்றும் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். கண் மங்கிய அக்காவுக்கு நாள்தோறும் வேதத்திலிருந்து சங்கீதத்தை வாசித்துக் காட்டியவளும் அவளே.

அப்போது எங்கள் சபைக்கு ஓர் இளம் போதகர் வந்திருந்தார். பழைய குறிப்பேடுகளைப் படித்துவிட்டு என்னை அழைத்தார். முன்மொழிந்தவர் நீங்கள்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கண்டிக்கவில்லை. சனிக்கிழமை மதியம் திருவிருந்து எடுத்துக்கொண்டு அந்த அம்மாவைப் பார்க்கப் போகிறேன், நீங்களும் வாருங்கள் என்றார். அறிக்கை வேண்டாமா என்று கேட்க என் நாக்கு எழுந்தது. அந்த நாக்கை நினைத்தால் இன்றும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. நல்லவேளை, கேட்கவில்லை.

விஜயா தலையணைகளை அடுக்கி அக்காவைச் சாய்த்து உட்கார வைத்தாள். போதகர் ஜெபித்துவிட்டு, ஆண்டவரிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா அம்மா என்று கேட்டார்.

"இருக்கு ஐயா. கோவம் இருந்துச்சு. ரொம்ப வருசமா."

"யார் மேலம்மா?"

அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி மேலதான்."

அந்த அறையைவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆனால் கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தேன். "அக்கா, அன்னிக்குக் கமிட்டியில நாந்தான் சொன்னேன். வேற யாரும் சொல்லல" என்றேன்.

"தெரியும்லா."

"தெரிஞ்சும் ஏன்க்கா வந்த? எப்புடி ஒன்னால வர முடிஞ்சிச்சு?"

அவருக்கு மூச்சு வாங்கியது. விஜயா நெஞ்சைத் தடவிவிட்டாள். "கோவத்தோடதான் வந்தேன். வீட்ல ஒக்காந்தா கோவம் மட்டுந்தான் இருக்கும். அங்க வந்தா ஆண்டவரும் இருந்தாரு" என்றார்.

போதகர் அப்பத்தை நீட்டினார். அக்கா கையில் வாங்கிக்கொண்டு, வாயில் வைக்காமல் காத்திருந்தார். எதற்கு என்று எங்களுக்குப் புரியவில்லை. பிறகு, "அவனுக்கும் குடுங்க ஐயா" என்றார். வேண்டாம் என்று தலையசைத்தேன். அந்த ஒரு முறைதான் என் வாழ்நாளில் அப்பத்தை வாங்க எனக்குத் தகுதியில்லை என்று உண்மையாகவே தெரிந்தது. "வாங்குடா. எனக்குக் கை வலிக்கிது" என்றார் அக்கா. வாங்கினேன். இருவரும் ஒன்றாக உண்டோம்.

எட்டாம் நாள் காலை, விஜயா முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கும்போது அக்காவின் உயிர் அமைதியாகப் பிரிந்தது. விஜயா அவர் கண்களை மூடிவிட்டு எனக்கு ஆள் அனுப்பினாள்.

அடக்கத்துக்குப் பிறகு அந்தத் தீர்மானத்தைத் தவறு என்று பதிவு செய்யும்படி கமிட்டியைக் கேட்டேன். அவரே போய்விட்டார், இனி எதற்கு என்றார்கள். அது என் கையெழுத்தில் இன்னும் குறிப்பேட்டில் இருக்கிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இந்த மலராவது உங்கள் வீடுகளில் இருக்கட்டும். செயலாளர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டேன். பிரசங்கமும் செய்வதில்லை. இதைத் தாழ்மை என்று தயவுசெய்து யாரும் பாராட்ட வேண்டாம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். கண்ணியமாகப் பார்த்துக்கொண்ட மருத்துவமனைத் தாதியர், முறைவைத்துக் கஞ்சி கொண்டுவந்த புந்தோங் அண்டை வீட்டுப் பெண்கள், தம் காரைக் கேட்கும்போதெல்லாம் கொடுத்த கேண்டீன் முதலாளி, பெட்டியைச் சுமந்த அத்தானின் லோரி நண்பர்கள், இளம் போதகர் ஐயா, எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எல்லாருக்கும் மேலாக, பெறாத தாய்க்குப் பெற்ற மகளாக இருந்த விஜயாவுக்கு. உடன்பிறந்தவன் செய்ய வேண்டியதை எல்லாம் நீங்கள் செய்தீர்கள். இந்தப் பட்டியலில் என் பெயர் வர ஒரு காரணமும் இல்லை.

விசுவாசம் என்றால் என்ன என்று பதினோரு ஆண்டுகள் ஊருக்குச் சொன்னவன் நான். அக்கா என்னை மன்னித்துவிட்டார். ஆண்டவரும் மன்னித்திருப்பார் என்றுதான் வேதம் சொல்கிறது. மற்றவர்களுக்கு அதை எவ்வளவோ எளிதாகச் சொன்னேன். எனக்கென்று நம்பப் பார்க்கும்போதுதான் அது எவ்வளவு கடினம் என்று தெரிகிறது. நம்ப முயன்றுகொண்டிருக்கிறேன். எனக்காகவும் ஜெபியுங்கள்.

தம்பி
ஈப்போ