கச்சேரியில் நான் உட்கார்ந்த நாள்

அப்போது நான் பல்லேபொலவிலிருந்து மாத்தளைக்கு மிளகு ஏற்றி மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். இனி வண்டிகள் டவுனுக்குள் வரக்கூடாது, ஊருக்கு வெளியே அலுவிகாரையோடு நிற்க வேண்டும் என்று சட்டம் போடப் போகிறார்களாம். அங்கிருந்து மூட்டைகளை நாங்கள் தலையில் சுமக்க வேண்டும். ஆட்சேபம் இருந்தால் வந்து சொல்லலாம் என்று பறையடித்துக் கூப்பிட்டார்கள். பெரிய மனசுதான்.

வண்டிக்காரர்கள் எல்லோரும் கச்சேரிக்கு, அதாவது சர்க்கார் ஆபீசுக்கு, போனோம். ஜில்லாவை ஆளும் ஏஜண்டு துரை முன்னால் எவன் உட்காருவான்? கைகட்டி நின்றோம். துரை இங்கிலீஷில் சொன்னதை அவருடைய துபாஷி முதலியார் தமிழில் சொன்னார்.

"சட்டத்துக்குச் சம்மதமானவங்க நில்லுங்க. ஆட்சேபம் உள்ளவங்க உக்காருங்க."

ஒருத்தனும் அசையவில்லை.

"துரைக்கு முன்னால எப்படி உக்கார்றது தம்பி?" என்று பக்கத்தில் நின்ற காசிம் நானா முணுமுணுத்தார்.

நான் வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். துரை என்னைப் பார்த்துக் கனிவாக ஏதோ சொன்னார்.

"ஒனக்கு மயக்கமாம். தண்ணி குடுக்கச் சொல்றாரு," என்றார் முதலியார்.

பியூன் செம்பை நீட்டினான். எல்லோருக்கும் சம்மதம் என்று எழுதிக்கொண்டு துரை எழுந்து போனார்.

வெளியே வந்ததும் துரையையும் அவர் சட்டத்தையும் காறித் துப்பிவிட்டேன். மயக்கமில்லை என்று சொல்ல வாய் இருந்தும், அந்தத் தண்ணீரைக் கும்பிட்டு வாங்கிக் குடித்தேனே, அதைத்தான் இன்றுவரை துப்ப முடியவில்லை.