'இருக்கட்டும்' என்றொரு பெயர்

மருத்துவம் படிக்கக் கிர்கிஸ்தான் போன என் மகன், பட்டத்தோடு ஒரு மனைவியையும் கூட்டிவந்தான். அந்தப் பட்டத்தை இங்கே அங்கீகரிக்க ஒரு தேர்வு உண்டு. மருமகளை அங்கீகரிக்க என் மனைவி வைத்த தேர்வு அதைவிடக் கடினம். இருவரும் ஒரே ஆண்டில் தேறினார்கள்.

முதல் பேரன் பிறந்து ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. அவசரப்பட்டுப் பெயர் வைத்திருந்தோம். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்திலேயே காலம் தள்ளி ஓய்வுபெற்றவன் நான். அந்தப் பெயரில் இரண்டு சான்றிதழ்களையும் ஒரே நாளில் வாங்கிவந்தேன். பழைய ஊழியர்கள் எழுந்து வணக்கம் சொன்னார்கள்.

அடுத்தது பேத்தி. மாதம் நிறையாமல் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்தாள்.

"மாமா, பேரு இன்னைக்கே வெக்கணும்" என்றாள் படுக்கையிலிருந்த மருமகள். "துர்சுனாய்."

"அவசரமே இல்லம்மா. பேரு இல்லாமலே பொறப்பப் பதியலாம். ஒரு வருஷத்துக்குள்ள சேத்துக்கலாம். சட்டத்துல எடம் இருக்கு."

சட்டம் உண்மைதான். என் பயம் வேறு. பெயரில்லாத பிள்ளை போய்விட்டால் தாளில் 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கும். அதை என்னால் படித்துவிட முடியும்.

"எங்க ஊருல புள்ள தங்காத வீட்டுல இந்தப் பேரு வெப்பாங்க மாமா. துர்சுன்னா 'இருக்கட்டும்'. ஆய்னா நிலா. உஸ்பெக்காரங்களும் வெப்பாங்க."

"நம்ம பக்கம் குப்பம்மான்னு வெச்சு, தவுட்டுக்கு வித்து வாங்குவாங்களே, அதாட்டம்" என்றாள் என் மனைவி. பிறகு என்னைப் பார்த்து, "உங்க சட்டத்த எமன் படிச்சிருக்கானாமா?" என்றாள்.

நாம் எமனை ஏமாற்றப் பெயர் வைக்கிறோம். அவர்கள் நேராகவே கேட்டுவிடுகிறார்கள். அந்தத் துணிச்சல் எனக்கு வரவில்லை. "ஒரு வாரம் போகட்டும்" என்றேன்.

மறுநாள் மருமகளுக்குக் காய்ச்சல். மகன் வேலையில். அங்கியும் தொப்பியும் மாட்டி என்னை உள்ளே விட்டார்கள். சட்டென்று கருவி கத்தியது. குழந்தையின் நெஞ்சு அசையவில்லை. பிள்ளைச்சாவடி ஊர்க்கார நர்ஸ் வந்து பாதத்தை விரலால் சுண்டினாள். மூச்சு வந்தது.

"கொறமாசத்துப் புள்ளைங்க தாத்தா. அப்பப்போ மூச்சு உட மறந்துடும். நாமதான் ஞாபகப்படுத்தணும்."

அவள் வேறு குழந்தையிடம் போனதும் கருவி மறுபடியும் கத்தியது.

"வந்துட்டேன் தாத்தா! பாதத்த சுண்டுங்க! கூப்புடுங்க!"

சுண்டினேன். என்னவென்று கூப்பிடுவது? 'பெண் குழந்தை' என்றா? உதடுகள் நீலமாகிக்கொண்டிருந்தன.

"துர்சுனாய்" என்றேன். "துர்சுனாய்! துர்சுனாய்!"

நெஞ்சு ஏறி இறங்கியது. விரலுக்கா, குரலுக்கா என்று எனக்குத் தெரியாது. ஓடிவந்த நர்ஸ் கருவியைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள்.

"இன்னா பேரு தாத்தா அது?"

சொன்னேன். கேட்டுக் கேட்டு எழுதிப் பெட்டியில் ஒட்டினாள். இனிக் குழந்தை போனால், போவது துர்சுனாய்.

அவள் வீட்டுக்கு வந்து மாதங்களாகின்றன. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள். திரும்பும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை.