கோச்சி றோட்டால் நடந்த மாமா

கறிச்சட்டி மூடிதான் முதலில் சிணுங்கத் தொடங்கும். பிறகு அலுமாரிக்குள் அடுக்கிய கண்ணாடிக் கோப்பைகள் ஒன்றோடொன்று உரசும், சாமிப்படத்துக்கு முன்னால் எரியும் விளக்கின் எண்ணெயில் மெல்லிய வளையங்கள் எழும், அதற்கும் பிறகுதான் நிலம் அதிர்வது உள்ளங்காலுக்குத் தெரியவரும். அப்போது அம்மா அடுப்படியில் நின்றபடியே, யாருக்கென்றில்லாமல், "கோச்சி வருகுது" என்பார். பள்ளிக்கூடத்தில் அது ட்ரெயின், தமிழ் வகுப்புப் புத்தகத்தில் புகையிரதம், எங்கள் பின்வளவுக்கு அப்பால் போனது மட்டும் எப்போதும் "கோச்சி". அது ஓடிய பாதை "கோச்சி றோட்டு".

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குளிர்நாட்டு நகரத்தில், அஜின்கோர்ட் என்ற பகுதியில், தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஒரு வரிசை வீடுகளில் குடியிருந்தோம். ரயில் வந்த பிறகுதான் இந்த ஊரே ஊரானது என்று எங்கள் ஆசிரியை ஒருமுறை சொன்னார், அந்தக் காலத்தில் ஒரு ஸ்டேஷனும் நாலைந்து வீடுகளும் ஒரு தானியக் கொட்டிலும்தான் இருந்தனவாம். எங்கள் காலத்தில் அந்தக் கொட்டிலெல்லாம் இல்லை, தமிழ்க்கடைகளும் நகைக்கடைகளும் வந்துவிட்டன, ஆனாலும் ஊர் அந்தக் கோச்சி சொன்னபடிதான் ஆடியது. தெருவை அது குறுக்கே வெட்டும் இடத்தில் மணி அடித்துக்கொண்டு தடுப்பு இறங்கினால் பேருந்து, ரொட்டி கொண்டுபோகிற பாண் வண்டி, பிரேத ஊர்வலம் எல்லாம் நின்றுதான் ஆகவேண்டும். முடிவே இல்லாததுபோல் சாமான் பெட்டிகள் ஊர்ந்து போய்க்கொண்டிருக்கும். வேலைக்குப் பிந்திப் போகிற எல்லோருக்கும் சொல்ல ஒரே சாட்டு இருந்தது: "கோச்சி மறிச்சுப் போட்டுது."

சின்னச் சின்ன விபத்துகளும் எங்கள் வாழ்க்கையோடு ஒட்டியவைதான். பனியில் சில்லுப் புதைந்து ஒரு கார் தண்டவாளத்தின் நடுவில் நின்றுவிட, உள்ளே இருந்தவர் சப்பாத்தையும் விட்டுவிட்டு ஓடியதைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை சாமான் பெட்டி ஒன்றின் அடியில் ஏதோ கழன்று, எங்கள் வேலி நெடுகிலும் மஞ்சள் பட்டாணி கொட்டிக்கொண்டே போயிருந்தது. பக்கத்து வீட்டு மணி அன்ரி பிளாஸ்ரிக் வாளியோடு இறங்கிவிட்டார். "உது நிலத்தில விழுந்த சாமான், எலி ஓடியிருக்கும்" என்று அம்மா தடுத்தார். "கழுவினா எல்லாம் சரி" என்றார் அன்ரி. அடுத்த சில நாள்கள் மணி அன்ரி வீட்டிலிருந்து தட்டுத் தட்டாக வடை வந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டே வாங்கிய அம்மா, எங்களுக்கு முன்னால் அதைச் சாப்பிட்டும் முடித்தார்.

மணி அன்ரி வாளியோடு நுழைந்தது "பொட்டு" வழியாக. வேலியில் ஆள் புகுந்துபோகிற ஓட்டைக்கு யாழ்ப்பாணத்தில் அதுதான் சொல். அங்கே கிடுகு வேலியில் பொட்டு வைத்தவர்கள் இங்கே கம்பி வேலியிலும் வைத்தார்கள். யார் வெட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது, எல்லோரும் போய்வந்தார்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பாண் செய்கிற தொழிற்சாலை ஒன்று இருந்தது, எங்கள் வரிசையில் பாதி வீடுகளுக்கு அங்கேதான் வேலை. தெருவால் சுற்றிப் போனால் நெடுந்தூரம். பொட்டுக்குள்ளால் புகுந்து, இரண்டு பக்கமும் பார்த்து, குறுக்கே கடந்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். ரயில்காரர்கள் வந்து அடைப்பார்கள், அடுத்த கிழமை அது திறந்திருக்கும்.

ரூபன் மாமா வந்தபோது எனக்கு ஒன்பதோ பத்தோ வயது. அம்மாவின் கடைசித் தம்பி. அம்மா ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அவர் இடுப்பில் ஏறியிருந்த குழந்தை, திரும்பக் கண்டது விமான நிலையத்தில், மீசை வைத்த ஒரு நெட்டை ஆளாக. அம்மா அவரைக் கட்டிப்பிடிக்கவில்லை, கொஞ்ச நேரம் காதையும் தாடையையும் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு நிலமட்டத்துக்குக் கீழே இருந்த எங்கள் கீழ்வீடு மாமாவின் அறையாயிற்று, பாண் தொழிற்சாலையில் வேலையும் கிடைத்தது, எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தமும் கூடியது.

வந்த முதல் கிழமையே மாமா என்னைக் கூட்டிக்கொண்டு பொட்டடிக்குப் போனார். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குந்தி, அதன் பளபளப்பான முதுகைக் கையால் தடவினார். "பாரன் பிள்ளை, இவ்வளவு இரும்பையும் இஞ்ச ஒருத்தரும் கழட்டேல்லை" என்றார். ஊரில் கோச்சி நின்று போனபோது அவர் என் வயதுகூட இல்லாத பொடியன். சண்டை வந்து, தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டையையும் பிடுங்கி, குண்டுக்குப் பதுங்குகிற பங்கருக்கு மேலே அடுக்கிவிட்டார்கள், மிஞ்சியது கல்லுப் போட்ட ஒரு வரம்புதான். மாரியில் றோட்டெல்லாம் வெள்ளம் நிற்க அந்த வரம்பு மட்டும் காய்ந்து கிடக்குமாம். பள்ளிக்கூடம், ரியூசன், சந்தை, கோவில் எல்லாவற்றுக்கும் மாமா அதன் மேலேதான் நடந்தார், சைக்கிள் ஓடினார், பந்து விளையாடினார். ஒருநாளும் பின்னால் திரும்பிப் பார்க்கவேண்டிய தேவை வரவில்லை, ஏனென்றால் அங்கே பின்னால் வருவதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. வருவதெல்லாம் மேலேயிருந்துதான் வந்தது, குண்டு போடுகிற விமானமாக, ஊரில் அதற்குப் பெயர் "பொம்பர்".

அது அவருக்குள் எவ்வளவு ஊறியிருந்தது என்பதை நாங்கள் ஒரு கோடை முடிவில் கண்ணால் கண்டோம். இந்த நகரத்தில் ஏரிக்கரைக்கு மேலே போர் விமானங்களை ஓட்டிச் சாகசம் காட்டுவார்கள், அதற்கு முதல்நாள் ஒன்றிரண்டு எங்கள் பக்கமாகவும் தாழப் பறந்து திரும்பும். நாங்கள் கடை வாசலில் மரக்கறிப் பைகளோடு நின்றோம். சத்தம் வந்தது. மாமா மேலே பார்த்தார், அடுத்த கணம் கார்களுக்கு நடுவில் குப்புறக் கிடந்தார், இரண்டு கையாலும் காதைப் பொத்தியபடி. தக்காளி உருண்டு போயிற்று. சுற்றி நின்றவர்கள் சிலர் சிரித்தார்கள், அம்மாவும் வெட்கத்தில், "எழும்படா, சேட்டெல்லாம் ஊத்தை" என்று ஏசினார். மாமா எழும்பித் தூசியைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "பள்ளிக்கூடத்தில பழக்கினது அக்கா. சத்தம் கேட்டா மேல பாக்கோணும், பிறகு குப்புறப் படுத்துக் காதைப் பொத்தோணும். பொம்பர் போனாப் பிறகுதான் எழும்பலாம்." பிறகு தக்காளி பொறுக்கினோம்.

எல்லோரும் கோச்சி றோட்டைக் குறுக்கே கடந்தார்கள், மாமா மட்டும், தொழிற்சாலை வாசலுக்கு நேரே வரும்வரை, அதன் நெடுகிலும் நடந்தார். "உந்தக் கோச்சி றோட்டால நடக்காதை எண்டு எத்தினை தரம் சொல்லுறது" என்று அம்மா கத்துவார். "வந்தா சத்தம் கேக்குந்தானே அக்கா, எனக்கென்ன காது செவிடோ" என்று மாமா சிரிப்பார். உண்மைதான், அவருக்கு நல்ல காது. நாங்கள் யாரும் கேட்காத விமானத்தை அவர் முதலில் கேட்டு நிமிர்ந்து பார்ப்பார். அம்மா கோச்சியில் ஏறிக் கொழும்புக்குப் போய்வந்து வளர்ந்தவர். தண்டவாளம் என்றால் கோச்சி வரும் என்பது சொல்லித் தெரியவேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அந்த மாரியில் பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. நடைபாதையை யாரும் வழிக்கவில்லை, முழங்கால்வரை புதைந்தது. தண்டவாளம் மட்டும் துப்புரவாக இருந்தது, அதற்கென்று பனி தள்ளுகிற வண்டி முன்னால் போயிருந்தது. மத்தியானம் மாமா சோற்றுப் பெட்டியைத் தோள்பையில் வைத்து, காதுவரை தொப்பியை இழுத்து, அதற்கு மேலே கோட்டுத் தலைப்பையும் போட்டுக்கொண்டு வேலைக்கு வெளிக்கிட்டார். எனக்குப் பள்ளி விடுமுறை. "பின்னேரம் பாண் கொண்டு வாறன், சூடாச் சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். கொஞ்ச நேரத்தில் கறிச்சட்டி மூடி சிணுங்கியது. அம்மா வழக்கம்போல "கோச்சி வருகுது" என்றார். விசில் சத்தம் ஒரே இழுவையாய் இழுத்தது, பிறகு இரும்பு தேய்கிற சத்தம் கேட்டது, பிறகு மூடி அசையாமல் நின்றுவிட்டது. கோச்சி எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒருநாளும் நின்றதில்லை. அம்மா செருப்பும் போடாமல் பனிக்குள் இறங்கி ஓடினார்.

பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்து, குளிர்ந்த கையைத் தேய்த்தபடி, ஆறுதலாகவே கேள்வி கேட்டார். உங்கள் தம்பி கவலையாக இருந்தாரா என்று கேட்டார். அப்பா அதைத் தமிழில் சொன்னார். அம்மா, "ஓம், கவலைதான்" என்றார். ஊரிலிருந்து வந்து கவலை இல்லாமல் யார் இருந்தார்கள்? தாயைப் பிரிந்திருந்தார், அகதி வழக்கு முடியவில்லை, ஊரில் சண்டை முடியவில்லை. அம்மா உள்ளதைச் சொன்னார். பொலிஸ்காரர் அதைக் குறித்துக்கொண்டார், வேறு அதிகம் கேட்கவில்லை.

ஊர் தீர்ப்பை எழுதி முடித்துவிட்டது. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் அம்மாவின் கையைப் பிடித்து அழுதுவிட்டு, வாசலில் சப்பாத்து மாட்டும்போது, "பாய்ஞ்சிட்டானாம்" என்றார்கள். வழக்கு தோற்றதாம் என்றார் ஒருவர், ஊரில் ஒரு பெட்டையோடு காதலாம் என்றார் இன்னொருவர். மணி அன்ரி எங்கள் அடுப்படியிலேயே நின்று, "ஆரிட்டயாவது மனம் விட்டுக் கதைச்சிருக்கலாம் பாவி" என்று மூக்கைச் சிந்தினார். எனக்கு இன்றைக்கும் அந்தக் கதைகளை நினைத்தால் பற்றிக்கொண்டு வரும். அம்மா ஒருவரையும் விடாமல், "அவன் நடந்து போனவன், பாயேல்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தம்பியைத் திருப்பிக் கேட்க முடியாது என்று தெரிந்துவிட்ட பிறகு, அவர் சாக நினைக்கவில்லை என்ற அந்த ஒன்றையாவது பிடித்து வைத்திருக்கப் பார்த்தார். அவர் சொல்லச் சொல்ல ஆட்கள் இன்னும் இரக்கமாகத் தலையாட்டினார்கள்.

மாமா செத்த எட்டாம் நாள், எட்டுச்செலவு அன்று, அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தோம். பொட்டடியில் மாலை போடப் போன அப்பா திரும்பும்போது ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வயதானவர், தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். வேலிக்கு வெளியில் தனியாக நின்றாராம். அந்தக் கோச்சியை ஓட்டியவர் அவர்தான். வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அவர் நிலத்தைப் பார்த்தபடி சொல்லச் சொல்ல அப்பா தமிழில் சொன்னார். தூரத்திலிருந்தே விசில் அடித்தாராம், அடித்துக்கொண்டே வந்தாராம், முன்னால் நடந்தவன் திரும்பவே இல்லையாம். கிட்ட வந்த பிறகு மேலே பார்த்தானாம். பிறகு தண்டவாளத்தில் குப்புறப் படுத்துவிட்டானாம்.

"பாத்தீங்களே, கடவுளைக் கும்பிட்டிட்டுப் படுத்திருக்கிறான்" என்று மணி அன்ரி அழத் தொடங்கினார்.

அம்மா அழவில்லை. "கை எங்கை இருந்தது எண்டு கேளுங்கோ" என்றார் அப்பாவிடம். அப்பா கேட்டார். அந்த மனிதர், தொப்பி கீழே விழ, தன்னுடைய இரண்டு கைகளையும் தூக்கிக் காதைப் பொத்திக் காட்டினார்.

அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். "அவன் பொம்பர் எண்டு நினைச்சிட்டான். ஐயோ என்ரை பிள்ளை, அவன் தப்பத்தான் படுத்தவன்" என்று சொல்லி, அதற்குப் பிறகுதான் அழுதார், பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர்போல அழுதார். கடை வாசலில் தக்காளி பொறுக்கிய நான் அது ஒவ்வொரு எழுத்தும் உண்மை என்று அறிவேன். மணி அன்ரி பக்கத்தில் குந்தி அம்மாவைப் பிடித்துக்கொண்டார், பிறகு ஒருநாளும் "பாய்ஞ்சவன்" என்ற சொல்லை எடுக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வெளியில் அது நிற்கவில்லை. பல வருடங்களுக்குப் பிறகும் கல்யாண மண்டபங்களில், "கோச்சிக்கு முன்னால பாய்ஞ்ச பொடியன்ரை அக்கா" என்று அம்மாவை அடையாளம் காட்டியதை நானே என் காதால் கேட்டிருக்கிறேன்.

இப்போது அங்கே பொட்டு இல்லை. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு வேலி, அதற்குப் பின்னால் சத்தத்தை மறிக்கச் சுவர். பாண் தொழிற்சாலை நின்ற இடத்தில் மாடி வீடுகள். தெருவை வெட்டிய தடுப்பையும் மணியையும் எடுத்துவிட்டு, நிலத்தைத் தோண்டித் தெருவைக் கீழே இறக்கிவிட்டார்கள், கோச்சி பாலத்தின் மேலே போகிறது. அதைச் சாட்டி யாரும் இனி வேலைக்குப் பிந்திப் போக முடியாது. ஊரிலும் திரும்பத் தண்டவாளம் போட்டுக் கோச்சி ஓடுகிறது, வரம்பில் இப்போது யாரும் நடப்பதில்லையாம். நான் பக்கத்துப் பகுதியான மல்வேர்னில் வேறு வீட்டில் இருக்கிறேன், என் அடுப்படியில் மூடிகள் சிணுங்குவதில்லை.

போன கிழமை அம்மாவைக் கண் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு அந்த வழியால் போனேன். கார் பாலத்துக்குக் கீழே சிவப்பு விளக்கில் நின்றபோது தலைக்கு மேலே தடதடவென்று கோச்சி போயிற்று. அம்மா கண்ணாடியோடு முகத்தை ஒட்டி நிமிர்ந்து, அது போய் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப எண்டா," என்றார், "அவன் மேல பாத்தே தப்பியிருப்பான்."