தங்கையின் பாட்டு இரண்டு ஃபைலாக இருந்தது

என் கேம்கார்டரைப் பற்றி யாரும் என்னிடம் குறை சொல்லக் கூடாது. ஹெச்.டி. என்ற பேச்சே எங்கள் சிட்லபாக்கம் தெருவுக்குப் புதிதாக இருந்த காலத்தில், என் சொந்தச் சம்பளத்தில் வாங்கியது அது. பிசிக்ஸ் டீச்சருக்கு இந்த வேலையெல்லாம் எதற்கு என்று உதட்டைப் பிதுக்கிய உறவினர்கள் அத்தனை பேரும், பிறகு தங்கள் வீட்டு ஞானஸ்நானத்துக்கு என்னைக் கையோடு கூட்டிப் போனார்கள். நானும் பெருந்தன்மையாகப் போனேன்.

எங்கள் குடும்பத்தில் யார் கல்யாணமானாலும், மணப்பெண் ஆலயத்துக்குள் வரும்போது என் தங்கைதான் பாடுவாள். கீபோர்டுக்குப் பக்கத்தில், பாட்டுப் புத்தகம்கூட இல்லாமல் நிற்பாள். அவள் முதல் வரியை எடுத்த பிறகுதான் பெண் வாசலைத் தாண்டிக் கால் வைக்கும். அப்படிப்பட்டவளுக்கு ஒரு தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் போய்விட்டது. பேசினால் கரகரவென்று காற்றுதான் வரும். கடைக்குப் போனாலும், ஆலயத்துக்குப் போனாலும், யாராவது ஏதாவது கேட்டால் என் முழங்கையை இடிப்பாள். பதில் நான் சொல்ல வேண்டும்.

போன வருஷம் அவள் மகளுக்கே கல்யாணம் நிச்சயமானது.

"பெரியம்மா, அம்மா பாடின வீடியோ உங்ககிட்ட இருக்குல்ல? நான் உள்ள வர்றப்ப அதைத்தான் போடணும்" என்றாள் மணப்பெண்.

இருந்தது. எங்கள் அத்தை மகள் கல்யாணத்தில் எடுத்தது. அன்றைக்கு ஏற்பாடு செய்திருந்த வீடியோக்காரர் பெண்ணின் நகைகளைச் சுற்றிச் சுற்றி எடுத்து, மேலே சினிமா மியூசிக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டார். தங்கையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எடுத்தது நான் ஒருத்திதான்.

ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு இரும்புலியூரில் தங்கை வீட்டுக்குப் போனேன். அவர்களுடைய புது லேப்டாப்பில் போட்டோம். படம் அருமையாக வந்தது, புடவை ஜரிகைகூடத் தெரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. வால்யூமை முழுக்க ஏற்றினோம். திரையில் தங்கை வாயைத் திறந்து பாடுகிறாள், அறையில் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது.

"அங்கேயும் போச்சாக்கா?" என்று அந்தக் காற்றுக் குரலில் கேட்டுவிட்டு, தங்கை அடுப்படிக்குள் போய்விட்டாள்.

தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் காட்டினேன். "ஃபைலு கரப்ட் ஆயிட்சு மேடம். இல்லாங்காட்டி அப்பவே உங்க கேமரால மைக் பூட்டிருக்கும். இன்னா பண்றது?" என்றார் கடைக்காரர். மைக் போயிருக்குமாம், என் கேமராவில்! ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து பரணிலிருந்து என் பழைய லேப்டாப்பை இறக்கினேன். கேமராவோடு வந்த சாஃப்ட்வேர் அதில்தான் இருந்தது. மூடி உடைந்து, சுவரில் சாய்த்து வைத்தால்தான் நிற்கும். ஃபைலைத் திறந்ததும் தங்கை பாடினாள். கொஞ்ச நேரத்தில் மிஷின் சூடாகி அணைந்துவிட்டது. போகட்டும், எனக்கு வேண்டியது தெரிந்துவிட்டது. ஃபைலில் குரல் பத்திரமாக இருக்கிறது. புது லேப்டாப்புக்குத்தான் காது இல்லை. கேமரா சத்தத்தைப் பதிவு செய்திருந்த ஃபார்மேட் அதற்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

பிறகு ஸ்கூல் விட்டு வந்து தினமும் இதே வேலை. இலவசமாகக் கிடைத்த ஒரு பிளேயரில் சத்தம் வந்தது, ஆனால் எடிட்டிங் சாஃப்ட்வேர் அந்த ஃபைலைச் சேர்க்கவே மாட்டேன் என்றது. கடைசியில் ஃபார்மேட்டை மாற்றித் தரும் ஒரு கன்வெர்ட்டர் வழிக்கு வந்தது. இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்தக் கல்யாணத்தில் பெண்ணின் கார் வரத் தாமதமானதால், நான் கேமராவை முன்கூட்டியே ஓடவிட்டிருந்தேன். ஃபைல் பெரிதானதும் கேமரா தானாகவே அதை மூடிவிட்டு அடுத்ததைத் தொடங்கியிருந்தது, அதுவும் மூன்றாவது சரணத்தின் நடுவில். இரண்டையும் தனித்தனியாகக் கன்வெர்ட் செய்து ஒட்டி, வெற்றி வீராங்கனையாகத் தங்கை வீட்டுக்குப் போனேன்.

குரல் வந்ததும் அவள் முகத்தை மூடிக்கொண்டாள். "வேண்டாங்கா. செத்தவங்க குரலைப் போட்டு அழற மாதிரி இருக்கும். நான் உசுரோடதானே இருக்கேன்" என்றாள். நிறுத்த மனசு வராமல் பாட்டை ஓடவிட்டேன். மூன்றாவது சரணம் வந்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒரு எழுத்தை முழுங்கியிருக்கே! அது ஒரே மூச்சுல பாடற வரி. இப்படிப் போட்டா எனக்கு மூச்சு பத்தலைன்னு நினைக்க மாட்டாங்களா? அதைச் சரி பண்ணு, அப்புறம் போடு. படமெல்லாம் வேண்டாம், குரல் மட்டும் போதும்."

ஹெச்.டி. படம் வேண்டாமாம்! வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு அவள் ஒரு விஷயத்துக்காகக் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சரி செய்வதுதான் பெரும்பாடாகிவிட்டது. எவ்வளவு நெருக்கி ஒட்டினாலும் அந்த எழுத்து வரவில்லை. ஒருநாள் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோதுதான் புத்திக்கு எட்டியது. இரண்டு கிண்ணத்து மாவை ஒன்றாக ஊற்றலாம், சுட்ட இரண்டு தோசையை ஒன்றாக்க முடியுமா? நான் சுட்ட பிறகு ஒட்டிக்கொண்டிருந்தேன். தனித்தனியாகக் கன்வெர்ட் செய்தபோதே ஓரத்தில் அந்த எழுத்து உதிர்ந்துவிட்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். கேமரா எழுதி வைத்தபடியே இரண்டு ஃபைலையும் முதலில் ஒன்றாகச் சேர்த்தேன், அப்புறம் கன்வெர்ட் செய்தேன். மூன்றாவது சரணம் ஒரே மூச்சில், ஒரு எழுத்துக் குறையாமல் வந்தது. ஹாலில் தனியாக நின்று கை தட்டினேன்.

கல்யாணத்தன்று நானும் தங்கையும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். ஸ்பீக்கரில் அவள் குரல் எழுந்தது. வாசலில் காத்திருந்த பெண் வலதுகாலை எடுத்து உள்ளே வைத்தாள். மூன்றாவது சரணம் நெருங்கியபோது தங்கை என் கையை இறுக்கிப் பிடித்தாள். வரி முழுசாக வந்து முடிந்த பிறகுதான் பிடியை விட்டாள்.

பின்வரிசையிலிருந்து மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர் குனிந்து, "என்னமா பாடறாங்க! யாருங்க இது?" என்று கேட்டார். பதில் சொல்ல நான் திரும்பினேன். முழங்கை இடிக்கவில்லை. எனக்கு முன்னால் தங்கை திரும்பியிருந்தாள்.

"நான்தான்" என்றாள்.