மேடத்துக்கு ஒரு தட்டு பாஸ்தா

காலேஜில் விருந்தினர் பொறுப்பு என்பது, வருகிற ஆளின் வயிற்றுக்கும் அழைத்த ஆளின் கௌரவத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டு முழிக்கிற உத்தியோகம். உங்களில் யாராவது அந்த நாற்காலியில் இருந்தால் வாருங்கள், சேர்ந்து அழுவோம்.

எங்கள் காலேஜோடு ஒப்பந்தம் போட இத்தாலியிலிருந்து ஒரு பேராசிரியை வருவதாக இருந்தது. 'உங்க ஊர் சாப்பாடே இங்க கிடைக்கும்' என்று பிரின்ஸிபால் வீடியோ காலில் அளந்துவிட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "விருந்து சொதப்புச்சுன்னா நீங்க ஹாஸ்டல் மெஸ் பொறுப்புக்குப் போயிருங்க" என்றார். மெஸ் என்றால் ஐந்நூறு பிள்ளைகள் தினமும் மூன்று வேளை தட்டோடு வந்து நியாயம் கேட்கும். இத்தாலியச் சாப்பாடு தேடிப் பைக்கை எடுத்தேன்.

தாளித்த பாஸ்தா

காலேஜ் வாசலுக்கு எதிரே, எங்கள் பிள்ளைகளை நம்பியே பிழைக்கிற கடை. போர்டில் இத்தாலிக் கொடி, உள்ளே முருகன் படம். பாஸ்தா கேட்டேன். கடுகு, கறிவேப்பிலை, கிள்ளிப் போட்ட வரமிளகாயோடு வந்தது. இதில் எதற்கம்மா கடுகு என்றேன். ஓனர் அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. "தாளிக்காம ஒரு பண்டத்தை எப்படி சார் எலைக்கு அனுப்புறது? நாலு பேரு காறித் துப்ப மாட்டாங்களா?"

விராலிமலைப் பீட்சா

விராலிமலைப் பக்கம் ஒரு பீட்சா கடை பிரமாதம் என்று ஒரு லெக்சரர் சத்தியம் பண்ணினார். போனேன். மாஸ்டர் மாவைச் சுழற்றி வீசியதைப் பார்த்ததுமே வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சீஸ் உருகி, ஓரம் சிவந்து, வட்டமாக இறங்கியது பாருங்கள், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

அடுத்த நொடி பாவி மனுஷன் அதைப் பரோட்டாக் கல்லில் போட்டு, இரண்டு கையிலும் தகடு எடுத்தார். டங் டங் டங் டங். மேலே ஒரு முட்டை வேறு! காலமெல்லாம் கொத்துப் பரோட்டா போட்ட கை சும்மா இருக்குமா? நான் தலையில் கை வைத்ததைப் பார்த்து ஆறுதல் சொன்னார். "முழுசாக் குடுத்தா மாஸ்டருக்குச் சோம்பேறித்தனம்ங்கிறாங்க சார்."

அன்னவாசல் துபாய்க்காரர்

அன்னவாசலில் செல்போன் கடை வைத்திருக்கும் ஒருவர், துபாயில் இத்தாலிய ஓட்டலில் பத்து வருஷம் சமைத்தவர் என்று கேள்விப்பட்டுக் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் செய்து கொடுத்தார். ஐயோ, என்ன ருசி! மெஸ்ஸிலிருந்து தப்பித்த சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. இந்தக் கையை வைத்துக்கொண்டு ஏன் செல்போன் விற்கிறீர்கள் என்றேன். "ஓட்டலும் வச்சுப் பார்த்தேன் சார். மொத நாளே சட்னி எங்கன்னாங்க, மறுநாளே செல்போன் பக்கம் வந்துட்டேன்."

விருந்து

கெஸ்ட் ஹவுஸில் துபாய்க்காரரே சமைத்தார். இத்தாலி அம்மா ஒரு வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு, அவங்க அம்மா செய்கிற மாதிரியே இருக்கிறது என்றார். ஜெயித்தாச்சு என்றுதான் நினைத்தேன்.

அந்தம்மா போதும் என்றார். வந்தது வினை. நம்மூரில் விருந்தாளி போதும் என்றால் கூச்சப்படுகிறார் என்றுதானே அர்த்தம்? பிரின்ஸிபால் கரண்டியைப் பிடுங்கி, "கூச்சப்படாதீங்க மேடம்" என்று வைத்தார், வைத்தார், வைத்துக்கொண்டே இருந்தார். மரியாதை தெரிந்த அந்தம்மாவும் மிச்சம் வைக்காமல் தின்று தீர்த்தார். காலையில் கையெழுத்துப் போட வேண்டிய கையில் குளுக்கோஸ் ஏறியது. தேறியதும் ஒப்பந்தம் போடாமலே ஊருக்கு விமானம் ஏறிவிட்டார்.

பிரின்ஸிபால் என்னைக் கூப்பிட்டு உட்காரக்கூடச் சொல்லவில்லை. "சாப்பாடு நல்லா இருந்ததாலதாங்க இத்தனை வினையும். மெஸ்ஸுக்குப் போங்க, அங்க அந்த ஆபத்து இல்ல."

ஆக, புதுக்கோட்டை மாவட்டத்தில் நல்ல இத்தாலியச் சாப்பாட்டைக் கண்டுபிடித்த குற்றத்துக்காகத் தண்டனை வாங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.